சகலை வீட்டுக்குப் போன குண்டு

எங்கள் மலையில் மழை கீழிருந்து மேலே பெய்யும் மாதம் ஒன்று உண்டு, பள்ளத்திலிருந்து காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து குடையின் உள்பக்கத்தை நனைக்கும், அதற்கே பழகிப்போனவர்கள் நாங்கள். ஆகையால் கூவைமுக்கு எஸ்டேட்டில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஞானாபரணம் தன்னுடைய மூங்கில் சட்டத்தைக் குறிபார்த்துச் சுட்ட குண்டு, பாதி வழியில் ஓடைக்கு மேலே ஒரு கணம் தயங்கி, இடப்பக்கம் திரும்பி, அவருடைய சகலை ஆசீர்வாதத்தின் சட்டத்தில் கருப்பு வட்டத்தின் நட்டநடுவே போய் விழுந்தபோது, யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. புள்ளி யாருக்கு என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது.

வழக்கத்தைச் சொல்லாமல் கதையைச் சொன்னால் விளங்காது. எங்கள் கிறிஸ்தவக் கோயில் அசனத்துக்கு, அதாவது ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்துக்கு முந்தின நாள், துப்பாக்கி உரிமம் உள்ள வீட்டு ஆண்கள் எல்லாரும் கோயில் மைதானத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அறுநூறு கஜம் தள்ளி நிற்கும் மூங்கில் சட்டங்களைச் சுடுவார்கள். வீட்டுக்கு ஒரு சட்டம், சட்டத்தில் ஒரு வெள்ளைத் துணி, துணியில் அந்த வீட்டுக்காரி விளக்குக்கரியையும் கஞ்சியையும் குழைத்து வரைந்த ஒரு வட்டம். சட்டங்களுக்கு அடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் மாடசாமி, குண்டு பட்டால் முறத்தைத் தூக்கிக் காட்டுவார். ஜெயித்த வீட்டுக்காரிதான் மறுநாள் அசனச் சோற்றை முதல் அகப்பை அள்ளி வைப்பாள், அந்தச் செம்பு அகப்பையும் ஒரு வருஷம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கும். துளை விழுந்த துணியை வாசல் நிலையில் கட்டிவிடுவோம். துளை விழாத துணி அடுப்படிக்குப் போய்ப் பானை இறக்கும் கரித்துணியாகும்.

ஞானாபரணத்தின் மனைவி லில்லிபுஷ்பத்தின் அடுப்படியில் கரித்துணிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் வரைந்த வட்டம் ஒவ்வொன்றும் முழுசாக அவளிடமே திரும்பி வந்து, சோற்றுப்பானையையும் குழம்புச்சட்டியையும் இறக்கிக்கொண்டிருந்தது. அகப்பையோ அவள் தங்கை ரோஸ்கனகத்தின் வீட்டுச் சுவரில் வருஷா வருஷம் தொங்கியது. ரோஸின் புருஷன்தான் ஆசீர்வாதம். பஸ் ஸ்டாண்டு எதிரில் பேக்கரி வைத்திருப்பவன், யார் என்ன சொன்னாலும் சிரிப்பவன், குறிபார்க்கும்போதுகூட வாயில் ரஸ்க்கு மெல்லுபவன். இப்படிப்பட்டவனிடம் தோற்பதுதான் பெரிய கொடுமை. பல்லைக் கடித்து ஜெயிக்கிறவனை மன்னித்துவிடலாம்.

இதற்கு வேர் அவர்களுடைய மாமனார். மனுஷன் சாகும்போது தன்னிடமிருந்த இரண்டு துப்பாக்கிகளைப் பங்கு வைத்தார், புதுசை இளைய மருமகனுக்கு, பழசை மூத்தவருக்கு. பழசு என்றால் உங்கள் வீட்டுப் பழசு, எங்கள் வீட்டுப் பழசு இல்லை. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் தோட்டா ஏறுகிற அந்தக்காலத்து லீவர் துப்பாக்கி, காபிக்காட்டுக்குள் பன்றி முகத்துக்கு நேரே வந்தால் சுடுவதற்கென்று செய்தது. அதன் குழலுக்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்னதன் மூக்கு முன்னதன் அடியில் முட்டும், மூக்கு கூராக இருந்தால் குலுக்கலில் உள்ளேயே வெடித்துவிடும் என்று மொட்டை மூக்குக் குண்டுதான் போடுவார்கள். மொட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, முட்டிக்கொண்டுதான் போகும். அறுநூறு கஜம் போகச் சொன்னால் பாதி ஓடையிலேயே களைத்து விழுந்துவிடும்.

"மூத்தவளைக் கட்டினவனுக்கு மொட்டை மூக்கு" என்று ஞானாபரணம் சொல்லாத நாளில்லை. அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அவள் ஆணாகப் பிறந்து டீமேக்கர் வேலை பார்த்திருந்தால் ஞானாபரணமாக இருந்திருப்பாள்.

ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. தேயிலையில் ருசி பிடிப்பவர் எப்படி ஒரே வரிசையில் கோப்பைகளை வைத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பாரோ, அதே மாதிரி அவர் தோட்டாவைப் பிடித்தார். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து உருக்கி, வெள்ளீயம் கொஞ்சம் கூட்டி ஒரு வாரம், கொஞ்சம் குறைத்து ஒரு வாரம், வெடிமருந்தை நகைத் தராசில் நிறுத்து ஒரு சிட்டிகை ஏற்றி ஒரு வாரம், இறக்கி ஒரு வாரம், குண்டுக்குப் பூசுகிற மெழுகில் காட்டுத்தேன் மெழுகு, ஆட்டுக்கொழுப்பு, இரண்டும் கலந்தது என்று மாற்றி மாற்றி, குழலில் அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கையால் ஊட்டினால் மூக்கைக் கூராக்கலாமே என்று கண்டுபிடித்து, கூராக்கி, சனிக்கிழமை தவறாமல் மைதானத்தில் படுத்துச் சுட்டுச் சுட்டு, தோளில் கன்றிய இடத்துக்கு லில்லி ஒத்தடம் கொடுக்க, அவர் அடுத்த வாரத்து மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வைத்தியத்துக்கு வந்த கையை அவர் ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

கடைசியில் போட்டி நாளான ஒரு சனிக்கிழமை எல்லாம் கூடிவந்தது. குண்டு ஓடையைத் தாண்டும் என்று சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாண்டவும் செய்தது. தாண்டி, திரும்பி, ஆசீர்வாதத்தின் வட்டத்தில் போய் விழுந்தது.

மாடசாமி முறத்தோடு குழியிலிருந்து ஏறி வந்தார். "அண்ணாச்சி, நான் கண்ணால பாத்தேன். நம்ம பஸ்ஸு கொண்டை ஊசியில ஒடிக்குமே, அப்படி ஒடிச்சுது."

"அண்ணாச்சி, ரொம்ப நன்றி" என்றான் அதுவரை ஒரு குண்டும் சுடாத ஆசீர்வாதம், ரஸ்க்கை மென்றுகொண்டே.

எங்கள் வழக்கப்படி யார் சுட்டார் என்று பார்ப்பதில்லை, துளை யார் துணியில் இருக்கிறது என்றுதான் பார்ப்பது. அந்த வருஷமும் அகப்பை பேக்கரிக்காரன் வீட்டிலேயே தங்கியது. லில்லிக்கு இன்னொரு கரித்துணி சேர்ந்தது.

ஞானாபரணம் விட்டாரா? மருந்தைக் கூட்டினார், குண்டு இன்னும் நேர்த்தியாகச் சகலையின் மையத்துக்குப் போனது. சட்டங்களை இடம் மாற்றி நட்டார், குண்டு வரிசையின் கடைசிவரை தேடிக்கொண்டு போனது. ஒரு சனிக்கிழமை ஆசீர்வாதம் சட்டத்தையே கொண்டுவராமல் பேக்கரியில் வைத்துவிட்டான். அன்றைக்குக் குண்டு மைதானத்தைச் சுற்றி வந்து, ரோட்டைப் பிடித்து இறங்கி, செக்போஸ்ட்டில் காவலாளி கம்பத்தைத் தூக்கிவிட, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கடக்கும்வரை ஓரமாக நின்று, பேக்கரி ஜன்னல் வழியே நுழைந்து, பன் தட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த வட்டத்தின் நடுவில் குத்தி நின்றது. ஒரு பன்னுக்கும் சேதமில்லை.

காரணம் எங்களுக்குப் புரிய ஒரு தபால் வரவேண்டியிருந்தது. ஆபீஸ் கிளார்க் தேவசகாயத்தின் மகளுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, ஞானாபரணத்தின் குண்டு ஆசீர்வாதத்தை ஏறிட்டும் பார்க்காமல் கிளார்க்கின் துணியில் விழுந்தது. அடுத்த வாரம் கங்காணி வீட்டில் புதுக்கட்டில் இறங்கியது, குண்டு கங்காணி துணிக்குப் போனது. அப்புறம் என்ன, ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. அந்த மனுஷன் அன்றைக்கு யாரைப் பார்த்து வயிறெரிந்தாரோ அவர் வீட்டைத் தேடித்தான் அது போகிறது.

முதலில் பயந்தோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், இங்கே கண்ணே குண்டாகி வருகிறது. வேதக்காரர்கள் என்பதால் வாசலில் பூசணிக்காய் கட்ட முடியாது, ஆனாலும் கதவுக்குப் பின்னால் படிகாரம் தொங்காத வீடு அந்த மாதம் இல்லை. ஆனால் குண்டு விழுந்த வீட்டில் பால் திரியவில்லை, மாடு சாகவில்லை. கிளார்க்கின் மகள் டாக்டருக்குப் படிக்கப் போனாள், அவ்வளவுதான். பயம் தெளிந்ததும் ஆசை வந்தது.

ஏனென்றால் யோசித்துப் பாருங்கள், பொறாமைப்பட ஏதாவது இருந்தால்தானே குண்டு வரும்? துளை விழுந்த துணி நிலையில் ஆடுகிற வீட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கொலுசைப் பார்ப்பதற்கு முன்னால் நிலையைப் பார்த்தார்கள். அசனம் எப்போதோ வரட்டும், எல்லா வீட்டுச் சட்டமும் வருஷம் முழுக்க ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஞானாபரணத்தை வழிமறித்து வீட்டுக்கு அழைத்துப்போய், புது மிக்சியை ஓடவிட்டுக் காட்டுவார்கள், மருமகன் துபாயிலிருந்து அனுப்பிய சென்டைச் சட்டையில் தெளித்து அனுப்புவார்கள். கோயில் உபதேசியார் பொறாமை எலும்புருக்கி என்று பிரசங்கம் செய்தார், செய்துவிட்டு இறங்கி வந்து, "என் பிரசங்கம் எப்படி இருந்தது ஐயா? உம்மால இப்படிப் பேச முடியுமா?" என்று அவரிடம் மட்டும் தனியாகக் கேட்டார். குண்டு வராத வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், குண்டு வந்த வீட்டைப் பார்த்து அவர்களுக்கு எரிந்தது. ஊரில் ஒருத்தருக்கு இருந்த நோய் இப்படித்தான் எல்லாருக்கும் பரவியது.

ஆசீர்வாதம்கூட ஒருநாள் கேட்டுவிட்டான். "அண்ணாச்சி, மூணு வாரமா நம்ம பக்கம் ஒண்ணும் வரலையே. என்ன குறை வச்சேன்?"

கேட்காதவள் லில்லி ஒருத்திதான். அவளுடைய வட்டம் மட்டும் முழுசாகவே இருந்தது. அவள் ரோஸிடம் சொன்னதை ரோஸ் எங்களிடம் சொன்னாள், ரோஸ் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"ஊர்ல உள்ள கட்டிலு, மிக்ஸி, சென்டு பாட்டிலு எல்லாத்தையும் பாத்து எரியுதாரு. அவருகிட்ட இருக்கிறத ஒருத்தன் பாத்து எரிவான்னு அவருக்குத் தோணவே இல்ல பாரு. நானும் அந்த வீட்டுலதானட்டீ இருக்கேன்?"

"அப்ப ஒரு நாளு அவர் இடத்துல வேற ஆள உக்கார வச்சுப் பாரேன்க்கா" என்றாள் ரோஸ். "அந்த அகப்பையத் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கும் கை வலிக்குது. ஒரு வருஷம் நீ தேயி."

விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டார்கள். வீட்டு ஆம்பளையின் பொறாமையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிடலாம், தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் திருப்புவதுபோல, வேண்டியது பாய்ந்ததும் மடையை அடைத்துக்கொள்ளலாம் என்று அக்காவும் தங்கையும் நினைத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

போட்டி நாளன்று மைதானம் நிறைந்திருந்தது. பெண்கள் பின்னால் பாய் விரித்துச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானாபரணம் குப்புறப் படுத்து, தோட்டாவைக் கையால் ஊட்டி, வளையத்தை இழுத்து மூடினார். அன்று அவர் நெஞ்சில் சகலைதான் இருந்தான், புது அடுப்பு வாங்கியிருந்தான். அப்போது முதுகுக்குப் பின்னால் லில்லியின் குரல் கேட்டது.

"வாங்க தம்பி, இதுல உக்காருங்க. அவுக நாற்காலிதான், பரவாயில்ல. அயிரமீன் குழம்பு, உங்களுக்குன்னு வச்சேன்."

மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நாற்காலியின் சத்தம் அவருக்குத் தெரியும். டிபன் கேரியர் திறந்தது, அவருடைய கேரியர். ஆசீர்வாதம் என்னவோ சொன்னான், லில்லி சிரித்தாள். கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று, அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தன் நாற்காலியில், தன் கேரியரிலிருந்து, தன் மனைவி பரிமாற உட்கார்ந்திருக்கிற அந்தப் பாக்கியவான் யார் என்று ஞானாபரணத்துக்கு வயிற்றிலிருந்து ஒரு தீ ஏறியது. அவர் வாழ்நாளில் அதுவரை பட்டதெல்லாம் அதற்கு முன்னால் வெறும் புகை. விரல் தானாக மடங்கியது.

இந்தத் தடவை அவர் எரிந்ததெல்லாம் தன் வீட்டில் இருந்ததைப் பார்த்துத்தான், ஆகையால் குண்டு திரும்பவில்லை. ஓடையை ஒரே நேராகத் தாண்டி, அவருடைய சொந்தச் சட்டத்தில், லில்லி வரைந்த வட்டத்தின் நடுவில் நுழைந்தது. மாடசாமி முறத்தைத் தூக்கியதோடு நிற்காமல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். அடுத்த குண்டும் அங்கேதான், அதற்கடுத்ததும் அதே துளைக்குள்தான்.

செம்பு அகப்பை லில்லியின் கைக்கு வந்தது. மறுநாள் அசனச் சோற்றை அவள் முதல் அகப்பை அள்ளி வைத்தபோது நாங்கள் கைதட்டினோம், ரோஸ் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். துளை விழுந்த துணியை ஞானாபரணமே நிலையில் கட்டினார். கட்டிவிட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். "இது யாரோடது?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டுக்கும் குண்டு வரவில்லை. கங்காணி இரண்டாவது கட்டில் வாங்கிப் பார்த்தார், பலிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் எல்லாம் ஞானாபரணத்தின் சொந்தச் சட்டத்துக்கே போயின. ஊருக்கு மேலே பருந்து மாதிரி வட்டமிட்டுத் திரிந்துகொண்டிருந்த பொறாமை கடைசியில் வீடு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததற்கு அங்கே வேலை ஏராளம். பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போனவள் ஏன் இவ்வளவு நேரம், டம்ளர் ஏன் இரண்டு கழுவிக் கவிழ்ந்திருக்கிறது, என்ன நினைத்து உதட்டுக்குள் சிரித்தாய், தனியாக இருக்கும்போது என்ன பாட்டு அது? பேக்டரியில் உலர்த்தும் தட்டில் தேயிலை கருகியது, அவர் ஜன்னல் வழியே வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசீர்வாதம் அந்தத் தெருவில் வருவதை விட்டான். ரோஸும் விட்டாள். லில்லி பாடுவதை விட்டாள், அப்புறம் சிரிப்பதையும் விட்டாள், சிரிக்காததற்கும் அவர் காரணம் கேட்டார். அவர் ஒருநாளும் கை ஓங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். கையாவது ஓங்கினால் கோயில் சபை கூடிக் கேட்டிருப்போம், கேள்விக்கு என்ன செய்ய?

வட்டமோ ஒரு சனிக்கிழமைக்குமேல் தாங்கவில்லை. பழைய சேலை, தலையணை உறை, அவருடைய வேட்டி எல்லாம் துணியாகி, வட்டமாகி, துளையாகித் திரும்பின. நிலை நிறைந்து, ஜன்னல் நிறைந்து, மீதி அடுப்படிக்கு வந்தது. வழக்கம் கெட்டது கெட்டதுதான், முழுத்துணிதான் கரித்துணியாக வேண்டும் என்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. பழைய கரித்துணிகளோ பொசுங்கித் தீர்ந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லில்லி சோற்றுப்பானையை இறக்கினாள். துணியின் துளை வழியே பானை உள்ளங்கையில் பட்டது. அவள் கத்தவில்லை, பானையைக் கீழே போடவும் இல்லை, மெதுவாக இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டாள். வாசலில் நின்ற ஞானாபரணம், "யார நெனச்சுக்கிட்டு இறக்கினே?" என்று கேட்டார்.

அவள் கையை வெளியே எடுத்து அவர் முன்னால் விரித்தாள். நடுவில் காசு அளவுக்கு வட்டமாக வெந்திருந்தது. பக்கத்திலேயே பழைய வட்டங்களும் இருந்தன, ஆறினவை, ஆறாதவை.

"நீங்க ஊரானப் பாத்து எரிஞ்சப்ப எனக்கு மனசு வலிச்சுது. ஆனா அப்ப பானை இறக்க ஒரு நல்ல துணியாவது இந்த வீட்டுல இருந்துச்சு" என்றாள் லில்லி.

ஞானாபரணம் அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் தோளுக்கு ஒத்தடம் கொடுத்த கை. கேட்க அவருக்கு எதுவும் வராமல் போனது அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை, அந்த வருஷத்துப் போட்டி நாளன்று, அவரே ஒரு துணி எடுத்து, அவரே கரி குழைத்து, கோணல்மாணலாக ஒரு வட்டம் வரைந்து சட்டத்தில் கட்டினார். ஊரே கூடியிருந்தது. அதே ஈயம், அதே மருந்து, அதே மெழுகு. படுத்தார், குறிபார்த்தார், அவர் உதடு அசைந்ததைப் பக்கத்தில் படுத்திருந்த தேவசகாயம் பார்த்தார். "கர்த்தாவே, படாம போகணும்" என்றுதான் அந்த மனுஷன் முனகினாராம்.

குண்டு புறப்பட்டது. ஓடைக்கு மேலே வந்ததும் நின்றது. பேக்கரிப் பக்கம் பார்த்தது, கங்காணி வீட்டுப் பக்கம் பார்த்தது, அவர் வீட்டுப் பக்கமும் பார்த்தது. எங்கேயும் அதற்கு வேலை இல்லை. ஒரு பழந்துணி முழுசாக வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு யார்மேல் என்ன பொறாமை இருக்க முடியும்? களைத்த மொட்டை மூக்குக் குண்டு விழுவதுபோல அது தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது, மாடசாமியின் முறம் குழிக்குள்ளேயே கிடந்தது. எங்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம். அந்த வருஷம் செம்பு அகப்பை மறுபடியும் ரோஸ் வீட்டுக்குப் போனது, அவள் அலுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

ஞானாபரணம் துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்தா" என்றார். "ஓட்டை இல்ல."

லில்லி அதை வாங்கி அவளும் ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, பானையை இறக்கினாள்.